சுவரில் ஓட்டை, இணைப்புக்கு அபராதமா?

ஆசிரியருக்கு,

இணையச் செய்திக்குச் சந்தா கேட்பதையும், அந்தச் செய்திக்கு இணைப்புத் தருகிறவரிடம் காசு கேட்பதையும் உங்கள் தலையங்கம் ஒரே மூச்சில் ஆதரித்திருக்கிறது. முதலாவதில் மறுப்பில்லை, செய்தி சேகரிக்கச் செலவாகிறது. இரண்டாவதைப் பல நாடுகள் செய்து பார்த்துவிட்டன.

2012-இல் அயர்லாந்தில் நாளிதழ்களின் உரிம அமைப்பு, ஒன்று முதல் ஐந்து இணைப்புகளுக்கு 300 யூரோ என்று விலைப்பட்டியலே நீட்டியது. அதுவும் ஒரு தொண்டு நிறுவனத்திடம். செய்தியின் ஓரிரு வரித் துணுக்கை எடுத்துக் காட்டும் தளங்கள் காசு தர வேண்டும் என்ற ஸ்பெயினின் 2014 சட்டம், ‘எனக்குப் பணம் வேண்டாம், துணுக்கைப் போட்டுக்கொள்’ என்று சொல்லும் உரிமையைக்கூடப் பதிப்பாளருக்கு விட்டுவைக்கவில்லை. அந்த டிசம்பரில், பல பத்திரிகைகளின் செய்திகளைத் திரட்டிக் காட்டும் கூகுள் நியூஸ் அங்கே கடையைக் கட்டியது. திரும்பி வந்தது 2022-இல். கனடாவில் செய்தி இணைப்புக்குக் காசு கேட்கும் சட்டம் வந்ததால், 2023 ஆகஸ்டில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் தளங்களில் செய்தி இணைப்புகளை அடைத்தது. அதே மாதம் காட்டுத்தீக்கு அஞ்சி யெல்லோநைஃப் நகரமே காலி செய்யப்பட்டபோது, பலரும் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பிக்கொண்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அடுத்த மணி நேரத்துத் தகவல் வராது. பத்திரிகைக்கு வாசகரும் வரமாட்டார்.

துணுக்கு எடுத்துப் போடுகிறார்கள் என்பதுதான் வருத்தமென்றால், பக்கத்தின் நிரலில் ‘நோஸ்னிப்பெட்’ (துணுக்கு வேண்டாம்) என்று ஒரு வரி போதும். பெரும்பாலோர் ஏன் போடுவதில்லை? 2014-இல் ஜெர்மனியின் ஆக்செல் ஸ்பிரிங்கர் நிறுவனம் துணுக்குகளைத் தடுத்துப் பார்த்தது. இரண்டே வாரத்தில் கூகுள் தேடல் வழியாக வருகிற வரத்து ஏறத்தாழ 40 சதவீதமும், கூகுள் நியூஸ் வழி வரத்து 80 சதவீதமும் சரிய, தடையைத் தானே விலக்கிக்கொண்டது.

அதே ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது தெளிவு: எல்லோரும் பார்க்கும்படி வைத்த பக்கத்துக்கு இணைப்புத் தர அனுமதி வேண்டாம், சந்தாத் தடையைத் தாண்டி உள்ளே விடும் இணைப்பு வேறு. ஆக, பார்க்க வேண்டியது அந்தச் சந்தாச் சுவரை.

பல தளங்கள் முழுக் கட்டுரையையும் பிரௌசருக்கு அனுப்பிவிட்டு, மேலே ஒரு ஸ்கிரிப்டால் மூடுகின்றன. ஜாவாஸ்கிரிப்டை அணைத்தாலோ எழுத்தை மட்டும் காட்டும் ரீடர் மோடுக்கு மாறினாலோ எல்லாம் தெரிந்துவிடும். ‘மாதம் இத்தனை இலவசம்’ என்ற கணக்கைக் குக்கீயில், அதாவது தளம் உங்கள் பிரௌசரில் எழுதிவைக்கும் சிறு குறிப்பில், வைத்தால், அதை அழித்ததும் எண்ணிக்கை பூஜ்யம். இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியில் வைத்தால், ஒரே வைஃபையில் இருக்கும் அலுவலகமே யாரோ ஒருவர் படித்ததற்காக வெளியே நிற்கும். இதில் அதிகம் அவதிப்படுபவர் காசு கட்டியவர்தான்! சமூக வலைத்தளச் செயலியில் இணைப்பைத் தட்டினால் அதன் உள்பிரௌசரில் திறக்கிறது. அங்கே லாகின் குக்கீ பெரும்பாலும் இருப்பதில்லை. சந்தாதாரரிடமே மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது.

சந்தாவைச் சர்வரிலேயே சரிபார்த்து, மற்றவர்களுக்குத் தலைப்பும் முதல் இரண்டு பத்தியும் மட்டும் அனுப்புங்கள். தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட்டுக்கு முழு உரை தருவதானால், வருகிறவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் யூசர்-ஏஜென்ட் பெயரை நம்ப வேண்டாம், அதை யாரும் போட்டுக்கொள்ளலாம். ஐபி முகவரி யாருடையது என்று காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பார்த்து உறுதிசெய்யுங்கள். பூட்டிய பகுதி எது என்பதைத் தேடுபொறிகள் படிக்கும் ஸ்கீமா குறியீட்டில் சொல்லாவிட்டால், வாசகருக்கு ஒன்று தேடுபொறிக்கு ஒன்று காட்டும் மோசடியாக அது கருதப்படலாம். புயல், வெள்ள எச்சரிக்கைகளை முன்கூட்டியே இலவசப் பிரிவில் சேர்த்துவையுங்கள்; நள்ளிரவில் பூட்டைத் திறக்க ஆள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்