காசு வாங்கி அழைத்துப் போனால் அது தொழில்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் வழிகாட்டி அனுமதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை நெருங்கும்போது அமெரிக்கவாழ் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் தமிழ் இதழ்களிலும் சுற்றுலா விளம்பரங்கள் பெருகுகின்றன. யோசெமிட்டி 3 நாள், கிராண்ட் கேன்யன் வார இறுதி, தமிழ் பேசும் வழிகாட்டி, ஆளுக்கு இத்தனை டாலர். பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி இருக்கிறதா என்பது பற்றி அவற்றில் ஒரு வரி இருப்பது அபூர்வம். நடத்துகிறவர்களில் பலர் யாரையும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். வாசலில் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டால் எல்லாம் சரி என்று நம்புகிறார்கள். அது சரியல்ல என்பது பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதான் தெரியவருகிறது. அப்போது பணம் கட்டி வந்த குடும்பமும் சேர்ந்து தவிக்கிறது. வழிகாட்டித் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் என்ற முறையில், அனுமதி பெறும் வழியையும் அதில் இடறும் இடங்களையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கூட்டாட்சி விதித்தொகுப்பின் 36ஆம் தலைப்பில் 5.3ஆம் விதி தெளிவாக இருக்கிறது. அரசுடன் எழுத்துபூர்வமான அனுமதியோ ஒப்பந்தமோ இல்லாமல் பூங்காவுக்குள் எந்தத் தொழிலும் செய்யக்கூடாது; அதற்கு ஆள் பிடிக்கவும் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். சிறு தொழில்களுக்கென்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. அதன் பெயர் வணிகப் பயன்பாட்டு அனுமதி; சுருக்கமாகச் சியுஏ. வெளியூரில் வாடிக்கையாளரை ஏற்றி, பூங்காவைச் சுற்றிக்காட்டி, மறுபடி வெளியே கொண்டுபோய் இறக்கிவிடுகிற தொழிலுக்கு இது பொருந்தும். பூங்காவுக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் சேவைக்கும் தருவார்கள். ஆனால் அதில் ஆண்டு மொத்த வருமானம் 25,000 டாலரைத் தாண்டக்கூடாது. முதல் வகையைப் பெற்றவர்கள் பூங்காவின் வாகன நிறுத்தத்தில் நின்று புது ஆள் சேர்ப்பதோ பணம் வாங்குவதோ அனுமதியை மீறுவதாகும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாத் தொழிலுக்கும் சியுஏ கிடைக்காது. கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றுப் படகுப் பயணம், அலாஸ்காவில் டெனாலி சிகரம் ஏற்றுவது போன்றவை நீண்டகால ஒப்பந்ததாரர்களிடம் உள்ளன. அந்த ஒப்பந்தங்கள் முடியும்போது பூங்கா நிர்வாகம் போட்டி முறையில் விண்ணப்பம் கேட்கும். இடையில் யாரும் நுழைய முடியாது. ஆகவே முதல் வேலை, நினைத்திருக்கும் பூங்காவின் இணையதளத்தில் வணிக அனுமதிகளுக்கான பக்கத்தைப் படிப்பது. எந்தெந்தச் செயலுக்கு அனுமதி உண்டு, விண்ணப்பம் எந்த மாதத்தில் வாங்குகிறார்கள், கட்டணம் எவ்வளவு என்று அங்கே இருக்கும். பூங்காவுக்குப் பூங்கா இது மாறும். யோசெமிட்டியில் வாங்கிய அனுமதி செக்கோயாவில் செல்லாது. செக்கோயாவும் கிங்ஸ் கேன்யனும் ஒரே நிர்வாகத்தில் இருப்பதால் அங்கே சேர்த்துப் பெறலாம்.

அடுத்தது விசா. தமிழ் இளைஞர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எஃப்-1 விசா மாணவரோ எச்-1பி விசா ஊழியரோ ஒரு எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள) நிறுவனத்தின் உரிமையாளராக இருக்கலாம். அதில் உழைக்கத்தான் தடை. வேன் ஓட்டி, மலை ஏற்றி, கூலி வாங்கினால் அது அனுமதியற்ற வேலை. எச்-1பி என்பது விண்ணப்பித்த முதலாளிக்கு மட்டும் உரிய வேலை அனுமதி. பூங்காவின் அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். விசா மீறல் கிரீன் கார்டு வரை துரத்தும். வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும், எச்-1பி ஊழியரின் எச்-4 துணைவர், கிரீன் கார்டு பெற்றவர், குடிமக்கள் ஆகியோருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நிறுவனத்தை மாநிலத்தில் பதிவு செய்து, வருமான வரித்துறையிடம் தொழில் அடையாள எண்ணைப் பெற வேண்டும். அந்த எண் இலவசம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அதன்பின் சியுஏ விண்ணப்பத்துக்கான 10-550 என்ற படிவம். அதில் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், செய்யப்போகும் வேலை, போகும் பாதைகள், குழுவின் அளவு, வழிகாட்டிகளின் பட்டியல், வாகனங்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். “மலைப்பாதைகளில் நடத்தல்” என்று பொதுவாக எழுதினால் கேள்விகளோடு திரும்பி வரும். பாதையின் பெயர், தொடங்கும் இடம், எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி, மழையோ தீப்புகையோ வந்தால் மாற்றுத் திட்டம் என்ன என்று எழுதினால் அலுவலருக்கும் வேலை சுலபம். பயணம் தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

விண்ணப்பங்கள் அதிகமாக அடிபடுவது காப்பீட்டில். பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒரு நிகழ்வுக்குக் குறைந்தது 5,00,000 டாலர் என்பது வழக்கமான அளவு. ஆபத்து கூடிய செயலுக்கு அதிகம் கேட்பார்கள். சான்றிதழில் அமெரிக்க அரசையும் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகச் சேர்த்திருக்க வேண்டும். சான்றிதழைப் பெறுபவர் என்ற இடத்தில் பூங்காவின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் வேறு வேறு. நிறுவனப் பெயர் படிவத்திலும் காப்பீட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் எல்எல்சி என்றும் மற்றதில் உரிமையாளரின் சொந்தப் பெயரும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விலக்குகள் பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். அலுவலகத் தொழிலுக்கான மலிவான பாலிசிகளில் மலையேற்றம், நீர்விளையாட்டு போன்றவை விலக்கப்பட்டிருப்பது சகஜம். அந்தப் பாலிசி விண்ணப்பத்தைக்கூடத் தாண்டிவிடலாம்; ஆனால் கால் முறிந்தவருக்கு ஒரு காசு தராது.

வாகனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சொந்தக் காரின் தனிநபர் காப்பீடு கூலிக்கு ஆள் ஏற்றுவதைப் பொதுவாக ஏற்பதில்லை. வாடகைக்கு எடுத்த 12 இருக்கை வேனின் ஒப்பந்தத்திலும் கட்டணப் பயணிகளுக்குத் தடை இருக்கும். மாநில எல்லை தாண்டிக் கட்டணப் பயணிகளை ஏற்றும் வாகனத்துக்குக் கூட்டாட்சிப் போக்குவரத்து விதி தனி: 15 இருக்கை வரை 15 லட்சம் டாலர், 16ம் அதற்கு மேலும் என்றால் 50 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு. ஓட்டுநரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ அமரும்படி வடிவமைத்த வண்டி என்றால் வணிக ஓட்டுநர் உரிமமும் பயணியர் ஒப்புதலும் வேண்டும். கலிபோர்னியாவுக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் உரிமம் பெற வேண்டும். இத்தனையும் தலைவலி என்று தோன்றினால், உரிமம் உள்ள பேருந்து நிறுவனத்தை அமர்த்திவிட்டு வழிகாட்டும் வேலையை மட்டும் வைத்துக்கொள்வதே தொடக்கத்தில் புத்திசாலித்தனம். அந்தப் பேருந்து நிறுவனத்துக்கும் அதே பூங்காவின் சியுஏ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டிகளுக்கு முதலுதவியும், நின்ற இதயத்தை மீண்டும் இயக்க முயலும் சிபிஆர் பயிற்சியும் அடிப்படை. திரையில் பார்த்து மட்டும் முடிக்கும் பாடத்தைப் பல பூங்காக்கள் ஏற்பதில்லை. கையால் செய்துகாட்டிய பயிற்சி வேண்டும். சாலையிலிருந்து தொலைவான பாதைகளுக்கு 16 மணி நேரக் காட்டுவெளி முதலுதவி, இன்னும் கடினமானவற்றுக்கு சுமார் 70 முதல் 80 மணி நேரப் பயிற்சி கேட்பார்கள். சான்றிதழ் பருவத்தின் நடுவில் காலாவதியாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. காப்பீடு, முதலுதவி, வாகனப் பதிவு ஆகியவற்றின் முடிவு நாள்களை ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

சியுஏ கையில் இருந்தாலும் மற்றப் பயணிகளுக்கு உள்ள வரம்புகள் நமக்கும் உண்டு. யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைச் சிகரத்தின் கம்பிவடப் பாதைக்குக் குலுக்கல் அனுமதி தனி. காட்டில் இரவு தங்கத் தனி அனுமதி வேண்டும். அப்படி இரவு தங்கிப் பாதையில் செல்லும் குழுவுக்கு 15 பேர் உச்சவரம்பு. உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைத்தே ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் செல்லும் பூங்கா அட்டை வணிகச் சுற்றுலாவின் நுழைவுக்குச் செல்லாது. இருக்கை எண்ணிக்கையைப் பொறுத்த வணிகக் கட்டணம் வேறு. விலை நிர்ணயிக்கும்போது இதை மறந்தால் முதல் பயணத்திலேயே கையைக் கடிக்கும்.

பூங்காவின் எல்லை காட்டில் கோடு போட்டுத் தெரிவதில்லை. ஜான் மியூர் பாதை யோசெமிட்டியில் தொடங்கி, தேசிய வனங்களின் ஊடாகப் போய், கிங்ஸ் கேன்யன், செக்கோயா பூங்காக்களில் நுழைகிறது. வனப்பகுதியை நிர்வகிப்பது பூங்காத் துறை அல்ல, வேளாண் துறையின் கீழுள்ள வனச் சேவை. அதற்குச் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி தனி. விட்னி சிகரத்துக்குக் கிழக்கிலிருந்து ஏறும் பாதையும் இன்யோ தேசிய வனத்தில்தான் தொடங்குகிறது. பயணத்திட்டத்தை நாள்வாரியாக வரைபடத்தில் வைத்துப் பார்த்து, எந்த நாள் யாருடைய நிலத்தில் என்று குறித்த பிறகே விளம்பரம் செய்ய வேண்டும்.

தமிழ்ச் சங்கங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இலாப நோக்கற்ற அமைப்புக்கு, அந்தப் பயணத்தால் வரிக்குரிய வருமானம் வராதவரை சியுஏ தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. வரிவிலக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பூங்காவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சங்கம் அமர்த்தும் வழிகாட்டிக்கும் பேருந்துக்கும் அந்த விலக்கு ஒட்டாது. நண்பர்கள் பெட்ரோல், தங்குமிடச் செலவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது தொழிலாகாது. ஏற்பாடு செய்பவர் தம் பங்கைக் கட்டாமல் மற்றவர் காசில் வந்தால் அங்கே கேள்வி எழும்.

புகைப்படப் பயிற்சிப் பயணம் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். 2025 ஜனவரியில் வந்த சட்டம், 6 பேருக்குக் குறைந்த குழு கையில் ஏந்தும் கருவிகளோடு படம்பிடிக்கத் தனி அனுமதி வேண்டாம் என்று தளர்த்தியது. படம் எடுப்பதற்குத்தான் அந்தத் தளர்வு. கட்டணம் வாங்கி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்து அழைத்துப்போனால் சியுஏ வேண்டும்.

அனுமதி 2 ஆண்டுக்கு மேல் தரப்படுவதில்லை. பல இடங்களில் 1 ஆண்டுதான். சென்ற ஆண்டு இருந்தது என்பதால் இந்த ஆண்டு முன்னுரிமையும் கிடையாது. ஆண்டு முடிவில் 10-660 படிவத்தில் எத்தனை பயணிகள், எத்தனை நாள், பூங்காவுக்குள் கிடைத்த மொத்த வருமானம், காயங்கள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். அதைத் தாமதித்தால் புதுப்பித்தல் நிற்கும். ஒவ்வொரு பயணம் முடிந்த அன்றே எண்ணிக்கையை எழுதிவைப்பவர்களுக்கு இது அரை மணி நேர வேலை. வைக்காதவர்கள் டிசம்பரில் வங்கிக் கணக்கைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். பூங்காத் துறையின் அம்புமுனைச் சின்னத்தை விளம்பரத்தில் போடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாம் பார்க்கும் விளம்பரங்களில் அது அடிக்கடி தென்படுகிறது.

இந்த விதிகளை வெறும் காகிதத் தொல்லையாகப் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. 1964ஆம் ஆண்டுக் காட்டுவெளிச் சட்டம், வணிகச் சேவையைத் தேவையான அளவுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. அனுமதியில்லாமல் நுழையும் ஒவ்வொரு குழுவும் கணக்கில் வராத கூட்டம். கணக்கு தெரியாவிட்டால் பூங்கா எதை வைத்து வரம்பைத் தீர்மானிக்கும்?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தேசியப் பூங்காச் சுற்றுலா விளம்பரங்களை ஏற்கும்போது அந்தந்தப் பூங்காவின் அனுமதி நகலைக் கேட்டு வாங்குங்கள். நகலில் மூன்றைச் சரிபார்த்தால் போதும்: நிறுவனத்தின் பெயர், விளம்பரத்தில் சொன்ன அதே செயல், பயண நாள்வரை செல்லுபடியாகும் தேதி. பணம் கட்டும் வாசகர்களும் அதையே கேட்கலாம். அனுமதி வைத்திருப்பவர் உடனே அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
வழிகாட்டித் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கலிபோர்னியா