வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்ற அக்காவுக்கு

அண்ணன் குடியை நிறுத்தி இரண்டாம் நாள். கை நடுங்கி, வேர்த்துக்கொட்டி, அங்கே இல்லாத ஆளோடு பேசினார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகும் என்று நினைத்தேன். நீங்கள்தான், “தம்பி, தினமும் குடிச்சவங்க சட்டுன்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து” என்று சொல்லி, ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வரை வந்தீர்கள்.

அங்கே தயமின் என்கிற வைட்டமின் ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்தார்கள். மன உறுதி மட்டும் போதும் என்று நம்பியிருந்தேன், எவ்வளவு பெரிய தப்பு! இது முதல் படிதான் என்றார் டாக்டர். அண்ணன் இப்போது கவுன்சலிங் போகிறார், நேற்று நன்றாகச் சாப்பிட்டார்.

எங்களுக்காக உங்கள் களியக்காவிளை பஸ்ஸை விட்டீர்கள். பேர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அக்கா.