பாஷாணம் வாங்குகிற காசில் கூகைக்கு ஒரு பெட்டி: எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி அக்காவுக்கும் செயலாளர் தங்கைக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கோழி வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் சங்கக் காசில் எலிப்பாஷாணம் வாங்கிக் கொடுப்பதென்று போன கூட்டத்தில் பேசி முடித்தீர்கள். நான் அன்று வாய் திறக்கவில்லை. பதினெட்டு ஊர்க்கோழி வைத்திருக்கிற எனக்கு எலியின் அட்டகாசம் தெரியாததல்ல. தம்பலகாமத்து வெளியில் பெரும்போக அறுவடை முடிந்தால் வயலெலிகள் வீட்டு வளவுகளுக்குத்தான் குடிவருகின்றன. அடைக்கோழியின் கீழிருந்து முட்டையை உருட்டிக்கொண்டு போகும் அகழான் என்ற பெரிய எலியை டோர்ச் வெளிச்சத்தில் கண்டிருக்கிறேன். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் காவுகொண்ட பிறகு உங்களுக்கு வந்த பயமும் நியாயமானதே. ஆனாலும் அந்த மருந்து வேண்டாம், எலி தின்னும் ஆந்தையான கூகை வந்து தங்க ஒரு பெட்டி வைப்போம். போட்டுப் பார்த்தவள் சொல்கிறேன்.

போன வருடம் நான் வைத்தது நீல நிறக் கட்டி. இரத்தம் உறையவிடாமல் செய்யும் நஞ்சு அது. தின்ற எலி உடனே சாவதில்லை. மூன்று நாள், ஐந்து நாள், சிலவேளை ஒரு கிழமைகூட நடமாடும். தள்ளாடும், பட்டப்பகலில் வெளியே வரும். வேட்டையாடும் பிராணிக்கு அதைவிட இலகுவான இரை உண்டா? என் பூனை அப்படியானவற்றைத்தான் பிடித்துத் தின்றிருக்க வேண்டும். மூக்கால் இரத்தம் வடிந்து செத்தது. நேரத்தோடு கொண்டுவந்து விற்றமின் கே ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்று மிருக வைத்தியர் சொன்னார். அதே கிழமை வேலியோரப் புளியின் கீழ் ஒரு கூகை செத்துக் கிடந்தது. அதை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. என் மனம் மட்டும் கணக்குப் போட்டுவிட்டது.

இரண்டு மாதத்தில் எலிகள் திரும்பி வந்தன. வராமல் என்ன செய்யும்? எலி சினைப்பட்டு மூன்றே வாரத்தில் ஈனும். கூகையோ முட்டையிட்டு அடைகாக்கவே ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். இரண்டையும் ஒன்றாகக் கொன்றால் முதலில் எழும்புவது யார்?

சாக்குருவி என்று நாங்கள் கல்லெறிகிறோமே, அந்த வெள்ளை முகப் பறவைதான் இந்தக் கூகை. வீட்டில் சாவு விழும் என்று அது அலறுவதில்லை. அதன் குரலே அப்படி. சிறகடிக்கும் சத்தம் கேட்காது. கும்மிருட்டிலும் எலியின் அசைவைக் காதால் கேட்டே பிடிக்கும். ஓர் இரவில் மூன்று நான்கு எலி தின்னும். குஞ்சு வைத்திருக்கும் காலத்தில் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அரைக் கிலோ அளவே நிறையுள்ள பறவை கோழியைத் தூக்காது. குஞ்சுகளைப் பொழுதுபட முன் அடைத்துவிட்டால் போதும்.

கீரியை வளவில் பழக்கலாம் என்று கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார். அக்கா, கோபிக்க வேண்டாம். கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்கவென்று 1872இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமேக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அவை பெருகி அங்குள்ள பறவைகளையும் வீட்டுக் கோழிகளையும் தின்னத் தொடங்கின. கீரி பகலில் திரிவது, எலி இரவில் திரிவது. சாரைப் பாம்பு விடயத்தில் எனக்கே இரண்டு மனம். எலி வளைக்குள் போய்ப் பிடிக்க அதைப்போல ஆளில்லை. ஆனால் முட்டையையும் குஞ்சையும் விடாது. வேலியில் இருக்கட்டும், கூட்டுக்குள் வேண்டாம். கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தால் பாம்பும் நுழையாது, எலியும் நுழையாது. ஓர் அங்குல வலையில் எலிக்குட்டி தாராளமாகப் போய்வரும்.

கூகை வந்தால் எலி அடியோடு ஒழியும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பெரிய அகழானை அது தூக்காது, கூட்டுத் தட்டின் கீழே ஒளிந்திருப்பதையும் பிடிக்காது. தவிட்டையும் குருணலையும் இரவில் திறந்து வைத்துவிட்டு எந்தப் பிராணியை நம்பியும் பயனில்லை. ஆகவே பாஷாணத்துக்கு ஒதுக்கிய காசில் முதலில் மூடியுள்ள தகர வாளிகள், பிறகு கம்பிவலை. மிச்சக் காசில் இரண்டு கூகைப் பெட்டி.

மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இப்படித்தான் பெட்டி வைத்துக் கூகைகளை வரவழைக்கிறார்கள். பழைய பலகை போதும். ஆறங்குல வாசல், பன்னிரண்டு பதினைந்தடி உயரம், மரநாய் ஏறாமல் மரத்தைச் சுற்றி ஒரு தகரம். கூகை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது, ஆகவே உள்ளே கொஞ்சம் மரத்தூள் போட வேண்டும். உடனே வந்து குடியேறாது. ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்கிடையில் பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட பறவை.

என் காணி எல்லையில் வயலைப் பார்த்து ஒரு மொட்டைப் பனை நிற்கிறது. முதற் பெட்டியை அதில் கட்டலாம். பலகைக்குத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஏணிதான் இல்லை, என்னிடம் இருப்பதில் நடுப்படி உடைந்துவிட்டது. யார் வீட்டிலாவது நல்ல ஏணி இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருத்தி,
தம்பலகாமம், திருகோணமலை.