மைக்கேல் ஜாக்சன்னா டான்ஸ் மட்டும் தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மைக்கேல் ஜாக்சன் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம், டீ ஆறிப்போற வரைக்கும் அதத்தான் படிச்சிட்டு இருந்தேன். ஆனா கீழ "மறக்க முடியாத 5 பாட்டு"ன்னு ஒரு பெட்டிச் செய்தி இருந்துச்சு பாருங்க, அந்த அஞ்சுமே வீடியோல ஆடுற பாட்டு தான், ஒவ்வொண்ணுக்கும் என்ன ஸ்டெப்பு, என்ன டிரெஸ்ஸுன்னு எழுதியிருக்கீங்க, எப்படிப் பாடினாருன்னு ஒரு வரி கூட இல்ல. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

உங்கள மட்டும் குறை சொல்லல. நம்ம ஊர்லயே அவர் பேரு டான்ஸுக்குன்னு ஆகிப்போச்சு, பிரபுதேவாவ இந்தியாவின் மைக்கேல் ஜாக்சன்னு சொல்றோம், ஸ்கூல் ஆண்டு விழால எவனாவது பின்னாடியே வழுக்கிட்டுப் போனா கைதட்டுறோம். எனக்கு அது தலைகீழா நடந்துச்சு. எங்க பெரிய மாமா கப்பல்ல வேலை பாத்தாரு, ஒரு தடவை தூத்துக்குடி வந்தப்போ த்ரில்லர் கேசட் ஒண்ணு கொண்டு வந்து குடுத்தாரு, அப்போ எங்க வீட்ல டிவி கிடையாது, அதனால மூணு நாலு வருஷம் அவர் ஆடி ஒரு தடவை கூட நான் பாத்ததில்ல, வெறும் குரல் தான். நான் படிச்சது தமிழ் மீடியம், வார்த்தையும் பாதி புரியாது. குரல் மட்டுமே ஒரு மனுஷன அப்படி உக்கார வச்சிருக்குன்னா அதுல என்னமோ இருக்குல்ல.

அந்த கேசட்டோட பி சைடுல மொதல்ல பீட் இட், அடுத்து பில்லி ஜீன், மூணாவது ஹியூமன் நேச்சர். மொத ரெண்டும் உலகமே ஆடின பாட்டு, அது முடிஞ்சு இந்த மூணாவது பாட்டு ஆரம்பிக்கும் போது வீட்டுக்குள்ள திடீர்னு கடல் காத்து வந்த மாதிரி இருக்கும். டோட்டோ பேண்ட்ல கீபோர்டு வாசிச்ச ஸ்டீவ் போர்காரோ போட்ட மெட்டு அது, அவரோட சின்னப் பொண்ணு ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து அழுதுட்டு வந்தப்போ அவளுக்குச் சமாதானம் சொன்னதுல இருந்து பொறந்த பாட்டு, வேற ஒருத்தர் பாட்டுங்க இருந்த கேசட்டோட மறுபக்கத்துல இது இருந்துச்சு, தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் கேட்டுட்டு பிடிச்சுப் போய் இத எடுத்துக்கிட்டாரு, ஜான் பெட்டிஸ் வரி எழுதினாரு. மைக்கேல் இதுல சத்தமே போட மாட்டாரு. மூச்சு விடுறதக் கூட பாட்டுக்குள்ள சேத்துக்கிட்டு, காதுக்குப் பக்கத்துல வந்து ரகசியம் சொல்ற மாதிரி பாடியிருப்பாரு. 1985ல ஜாஸ் உலகத்துல மைல்ஸ் டேவிஸே இந்தப் பாட்ட டிரம்பெட்ல வாசிச்சு ஆல்பத்துல வெளியிட்டாரு, சும்மா டான்ஸ் பாட்டுக்காரர் பாட்டுன்னா அவர் ஏன் தொடப் போறாரு?

பில்லி ஜீன உங்க பெட்டில போட்டிருந்தீங்க, அதையும் குரலுக்காகவே போட்டிருக்கலாம். பின்னாடியே வழுக்கிட்டுப் போற அந்த மூன்வாக் 1983ல டிவில வந்தது, ஆனா பாட்டு அதுக்கு முன்னாடியே 1982ல ரெக்கார்டு ஆயிடுச்சு. சவுண்ட் இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன் இந்த ஒரே பாட்ட 91 தடவை மிக்ஸ் பண்ணி, கடைசில ரெண்டாவதா பண்ணின மிக்ஸே போதும்னு அதையே எடுத்துக்கிட்டாங்க. ஒரு நீளமான அட்டைக் குழாய் வழியா கொஞ்சம் பாட வச்சு, அந்தக் குரலையும் சேத்திருக்காங்க. ஆரம்பத்துல வெறும் டிரம்ஸும் பாஸும் ஓடிட்டே இருக்கும்ல, அது ரொம்ப நீளமா இருக்கு வெட்டலாம்னு குவின்சி சொன்னப்போ, இல்ல அதான் எனக்கு ஆடத் தோண வைக்குதுன்னு மைக்கேல் விடலையாம். அதாவது அவருக்கே ஆட்டம் சத்தத்துல இருந்து தான் வந்துச்சு.

இன்னும் பின்னாடி போங்க. 1969ல அவர் அண்ணன்மாரோட சேந்து பாடின ஜாக்சன் 5 குழு, மோட்டவுன் கம்பெனிக்குப் போட்ட மொத ரெக்கார்டு ஐ வான்ட் யூ பேக், எல்லாருக்கும் தெரியும். அதே ரெக்கார்ட திருப்பிப் போட்டா ஹூஸ் லவிங் யூன்னு ஒரு பாட்டு, ஸ்மோக்கி ராபின்சன் எழுதினது, காதலியப் பிரிஞ்ச ஆம்பளை புலம்புற பாட்டு. பாடுற பையனுக்கு 10, 11 வயசு! இண்டியானால கேரின்னு ஒரு ஸ்டீல் ஆலை ஊர்ல, சின்ன வீட்ல அத்தன பிள்ளைங்களோட வளந்த பையன். அந்த மொத வார்த்தைய அவன் இழுக்குற இழுப்புல எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலிர்க்கும், அந்த வயசுல அந்த வலி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல.

1972ல வந்த பென் தெரியுமா? ஒரு எலிய பத்தின படத்துக்குப் பாடினது, எலி மேல இருக்கிற நட்பத்தான் அவ்வளவு உருகிப் பாடியிருக்காரு. அவர் தனியா பாடி அமெரிக்காவுல நம்பர் 1க்குப் போன மொத பாட்டு அது தான். அப்புறம் 1979ல ஆஃப் தி வால் ஆல்பத்துல ஷீஸ் அவுட் ஆஃப் மை லைஃப். ஒவ்வொரு தடவை பாடும்போதும் முடிவுல அழுதுடுவாராம், குவின்சி பாத்துட்டு சரி அழுகையோடவே இருக்கட்டும்னு விட்டுட்டாரு. கடைசி வார்த்தைல குரல் உடையறது நல்லாவே கேக்கும், தயவு செஞ்சு ஹெட்போன்ல கேளுங்க.

ஹெட்போன்னதும் இன்னொண்ணு. ஸ்டூடியோல விளக்க அணைச்சுட்டு, ஒரு மரப்பலகை மேல நின்னு ஆடிக்கிட்டே தான் பாடுவாராம், அந்த விரல் சொடுக்கு, கால் தட்டுற சத்தம் எல்லாம் மைக்ல விழும், வேற இன்ஜினியரா இருந்தா துடைச்சிருப்பாங்க, ஸ்வீடியன் வேணும்னே வச்சுக்கிட்டாரு. தி வே யூ மேக் மீ ஃபீல் கேட்டீங்கன்னா புரியும். மேன் இன் தி மிரர்ல 'சேஞ்ச்'னு ஒரு வார்த்தை வர்ற இடத்துல சுருதியே ஒரு படி மேல ஏறும், கூட கோரஸும் சேரும், அந்த இடத்துக்காகவே நான் நூறு தடவை கேட்டிருப்பேன்.

கடைசியா ஸ்ட்ரேஞ்சர் இன் மாஸ்கோ. 1993ல டூர் போனப்போ மாஸ்கோ ஹோட்டல்ல எழுதினது, சின்னப் பையன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாருன்னு அவர் மேல குற்றச்சாட்டு வந்து ஊரே பேசிட்டிருந்த நேரம். தாளம் பெரும்பாலும் அவரே வாயால போட்டது தான், அதுக்கு மேல மழையில தனியா நடக்குற ஒருத்தன் குரல். குற்றச்சாட்ட மறைச்சு எழுத எனக்கு விருப்பமில்ல. 2005ல நடந்த அதே மாதிரி இன்னொரு கேஸ்ல கோர்ட் விடுவிச்சது, ஆனா 2009ல அவர் செத்த பிறகும் பேச்சு நிக்கல, அதனால அவர் பாட்டே கேக்க முடியலன்னு சொல்றவங்கள நான் மதிக்கிறேன், எங்க வீட்லயே எங்க அக்கா கேக்க மாட்டாங்க. என்னால விட முடியல, அவ்வளவு தான் சொல்லத் தெரியுது.

அவர் பொறந்த நாள் ஆகஸ்ட் 29. அன்னைக்கு ஏதாவது போடுறதா இருந்தா, அஞ்சுல ரெண்டு பாட்டாவது ஆட்டம் இல்லாததா இருக்கட்டும் சார், பாட்டுக் கத்துக்கிட்ட யாராவது ஒருத்தர எழுதச் சொல்லுங்க. இந்த லெட்டர் நீளமா இருந்தா எங்க வேணும்னாலும் வெட்டிக்கோங்க, ஹியூமன் நேச்சர் பத்தி எழுதினத மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
தூத்துக்குடி