திரையில் அலறும் போலி வைரஸ் தடுப்பான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மாதம் தக்கலையில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் என் மகள் பாடக்குறிப்பு தேடிக்கொண்டிருந்தபோது, 'உங்கள் கணினியில் 43 வைரஸ்கள் உள்ளன' என்ற சிவப்பு அறிவிப்பு அபாயச் சங்கொலியுடன் திரையை நிறைத்தது. பதற்றத்தில் அவள் அழுத்திய ஒரு பொத்தான், வைரஸ் தடுப்பான் என்ற பெயரில் ஒரு போலி மென்பொருளை நிறுவிவிட்டது. பணம் கட்டினால்தான் வைரஸ் நீங்கும் என்று அது ஓயாமல் நச்சரித்தது.

ஓர் இணையப் பக்கம் நம் கணினியின் கோப்புகளைச் சோதித்து வைரஸ்களை எண்ணிச் சொல்ல இயலாது என்பதும், விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் இராது என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. நாகர்கோவிலில் ஒரு பழுதுபார்ப்புக் கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்றார்கள். (பத்தாண்டுக் குடும்பப் படங்கள் அதில்தான் இருந்தன!)

அதற்குத் தேவையே இருக்கவில்லை. இணையத்தைத் துண்டித்து, கணினியை, மிக அடிப்படையான நிரல்கள் மட்டுமே இயங்கும் 'சேஃப் மோடில்' இயக்கி, செயலிகளின் பட்டியலில் அண்மையில் நுழைந்த அந்நியப் பெயரை நீக்கிய பின், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கட்டணமின்றியே உள்ள டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பானைக் கொண்டு முழுச் சோதனையும், விண்டோஸ் தொடங்கும் முன்பே நடக்கும் ஆஃப்லைன் சோதனையும் செய்தோம். அதன் பிறகும் மூலையில் எச்சரிக்கைகள் தோன்றின. உலாவியில் ஏதோ ஒரு தளத்துக்கு அளித்திருந்த அறிவிப்பு அனுமதியே அதற்குக் காரணம், அதை நீக்கியதும் நின்றன. கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம்.

பணம் செலுத்திவிட்டவர்கள் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்த எண்ணை நம் மாவட்ட நூலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் தமிழில் எழுதி ஒட்டுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை