நம் ஏரிக்கரைக்கு இன்னும் ரூ.14,45,000 வேண்டும்

விநாயகர் துணை

அன்புடையீர், வணக்கம்.

பெங்களூரு கனகபுரா சாலை மனைப்பிரிவில் மனை வைத்திருக்கும் 210 குடும்பங்களுக்கும் ஏரிக்கரைப் பராமரிப்புக் குழு எழுதிக்கொள்வது. ஏப்ரல் 10-க்குள் பணம் சேராவிட்டால் இந்தக் கோடையில் கரை வேலை நடக்காது. கோடை தப்பினால், கசியும் கரையை வைத்துக்கொண்டுதான் செப்டம்பர், அக்டோபர் மழையைக் கடக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரத்தில் காவலாளி அண்ணன் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். கரையின் வெளிப்புற அடியில், மதகுக் குழாயை ஒட்டி ஊறுகிற தண்ணீர். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், தெளிந்த நீராகக் கசிந்தால் பெரிய பயமில்லை. டம்ளரை அப்படியே திண்ணையில் வைத்தோம். கால் மணி நேரத்தில் அடியில் செம்மண் படிந்துவிட்டது. கரையின் வயிற்றுக்குள்ளிருந்து தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். துளை பெரிதானால் ஒரு மழை இரவு போதும்.

இந்தக் கரை எப்படி வந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1982-ல் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. ஆலைகளில் வேலையிலிருந்த நம் பெரியவர்கள் சீட்டுப் பணத்தைப் போட்டு இந்த நிலத்தை வாங்கியபோது, நடுவில் ஓர் ஓடை மட்டும் இருந்தது. தருமபுரியிலும் வடஆற்காட்டிலும் ஏரிப் பாசனம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஓடையைக் கண்டதும் கரை போடத் தோன்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தோடு வந்து, மாட்டுவண்டியில் மண் அடித்து, தண்ணீர் தெளித்து, அரையடிக்கு ஓர் அடுக்காகத் திமிசுக்கட்டை போட்டு இறுக்கினார்கள். 140 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். இந்த மண்ணுக்கு அது புதிதும் அல்ல. நம் நகரத்து விபூதிபுரத்தில் 1307-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, காட்டை வெட்டி, நிலத்தைச் சமன் செய்து, ஏரி கட்டி ஊர் அமைத்ததைச் சொல்கிறது. நம் அப்பா தலைமுறை செய்ததும் அதே வேலைதான். அவர்கள் கட்டிய ஏரியில்தான் இன்று நாம் படகு விடுகிறோம், மாலையில் நடக்கிறோம், ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு கரையில் உட்காருகிறோம்.

ஒரு வருத்தமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் ஆசையாகக் கரைமேல் நட்ட பதினோரு வேப்பமரங்களையும், முறைப்படி அனுமதி பெற்று, எடுக்க வேண்டியிருக்கிறது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த வழியே தண்ணீர் உள்ளே புகும் என்கிறார் பொறியாளர். சில வீடுகளில் கண்ணீர் விட்டார்கள். பிள்ளையார் அரசமரம் கரைக்கு அப்பால் இயற்கை மேட்டில் நிற்பதால் அதை யாரும் தொடப்போவதில்லை.

அரசாங்கம் செய்யாதா என்று கேட்கிறார்கள். சாங்கி ஏரி, அல்சூர் ஏரி போலப் பொது ஏரி அல்ல இது, நம் பட்டா நிலம். 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் சிலவற்றுக்கும்தான். ஆறு மீட்டர் கரையைச் சோதிக்க எவரும் வரமாட்டார்கள். 2019 ஜூலையில் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டம் திவரே மண் அணை ராத்திரியில் உடைந்து, கீழே வீடுகளில் இருந்தவர்களை அடித்துச் சென்றது. அதே ஆண்டு நவம்பரில் நம் நகரத்திலேயே ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. நம் கரைக்குக் கீழே அறுபது குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் நம் ஏரியில் படகு விட்டவர்கள் அல்ல.

செலவு இது. மதகுக் குழாய் மாற்ற ரூ.9,40,000. கரைக்கு மண்ணும் ரோலரும் ரூ.11,20,000. தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்து நிறுத்த, கரையடியில் மணல், சிறுஜல்லி, பெருஜல்லி என்று அடுக்கும் வடிகட்டிக்கு ரூ.6,75,000. வெள்ளம் கரையேறி வழியாமல், மிகைநீர் வெளியேறும் கலங்கலை அகலப்படுத்த ரூ.7,85,000. மரமும் வேரும் எடுக்க ரூ.1,60,000. மண் பரிசோதனைக்கும் பொறியாளருக்கும் ரூ.1,80,000. மொத்தம் ரூ.38,60,000. வந்தது ரூ.24,15,000.

கொடுத்த 126 குடும்பங்களுக்கும் கைகூப்பி நன்றி. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து மாதம் ஆயிரம் என்று பன்னிரண்டு மாதம் சேர்த்ததைக் கொண்டுவந்து கொடுத்த ஆசிரியை அம்மா, மகள் கல்யாணச் செலவுக்கு நடுவிலும் ஒரு லட்சம் கொடுத்த இரண்டாம் குறுக்குத் தெருக் குடும்பம், துபாயிலிருந்து அப்பா பெயரில் அனுப்பிய தம்பி, உண்டியலை உடைத்து ரூ.643 எண்ணி வைத்த மூன்றாம் வகுப்புக் குழந்தை, இவர்களை மறக்க முடியாது. மனையே இல்லாத, கரைக்குக் கீழே குடியிருக்கும் ஆட்டோ ஓட்டுநர் ரூ.2,001 தந்தார். டம்ளர் கொண்டுவந்த காவலாளி அண்ணன் தன் சம்பளத்திலிருந்து ரூ.501 எழுதினார். வாங்கும்போது எங்களுக்குக் கை கூசியது.

இன்னும் 84 குடும்பங்கள் இருக்கிறீர்கள். குடும்பத்துக்கு ரூ.17,500 போதும். கஷ்டத்தில் இருப்பவர்கள் தவணையாகக் கொடுங்கள், வெளியில் தெரியாது. வசதி இருந்தும் மூன்று முறை நேரில் கேட்டும் "பார்க்கலாம்" என்றவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். விற்பனை விளம்பரத்தில் "ஏரி பார்த்த மனை" என்று போடுகிறோமே, அந்த விலையில் பாதி ஏரியுடையது. ஏரி நம் சொத்து என்றால் அதன் கரையும் நம் பொறுப்புதான்.

பணத்தைச் சங்க அலுவலகத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளவும். வரவுசெலவு ஞாயிறுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நீரை ஒரேயடியாக இறக்கினால் ஊறிய உட்சரிவு சரிந்துவிடும், நாளுக்கு ஒரு சாண்தான் இறக்க முடியும். அதனால் பணம் சேர்ந்ததும் ஏப்ரல் 12 காலை ஆறு மணிக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து மதகைத் திறக்கிறோம். எல்லோரும் வந்து நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஏரிக்கரைப் பராமரிப்புக் குழு