ஸ்பேனரின் ஊரைக் கேட்பதற்கு முன் அதன் வாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே வண்டி பழுது பார்ப்பவர்களுக்கான கைக்கருவிகள் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான், ஆனால் இறக்குமதிக் கருவிகளே நீடித்து உழைக்கும் என்று அது ஒரே வரியில் தீர்ப்பளித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்நாட்டுக் கருவிதான் வாங்க வேண்டும், அது நம் கடமை என்று மறுபக்கத்தில் வாதிடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கருவி, எந்த வேலைக்கு என்று பிரித்துப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

முதலில், ஒரு கருவி எந்த நாட்டுக்குரியது என்று அதன் மேலிருக்கும் பெயரை வைத்துச் சொல்ல முடிவதில்லை. ஜெர்மனியின் ரெம்ஷைடு, ஜப்பானின் சான்ஜோ, தைவானின் தைச்சுங், இந்தியாவின் ஜலந்தர் ஆகிய ஊர்கள் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இந்தத் தொழிலில் ஒரே ஆலை பல நிறுவனங்களுக்குச் செய்து கொடுப்பதும், ஒரே நிறுவனம் தன் பட்டியலில் உள்ள கருவிகளைப் பல நாடுகளிலிருந்து தருவிப்பதும் சாதாரணம். அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1927இல் அறிமுகப்படுத்திய கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுத் தயாரிப்பின் அடையாளமாகவே பல தலைமுறைகள் அதை நினைத்திருந்தன. காலப்போக்கில் அதன் கருவிகளில் பெரும்பகுதி வெளிநாடுகளில் உருவாகத் தொடங்கியது. 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் அந்தப் பெயரை வாங்கியது, 2019இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் அதற்கென ஓர் ஆலை அமைப்பதாக அறிவித்தது, 2023இல் அந்த ஆலையை மூடப்போவதாகவும் அறிவித்தது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் கருவியின் மேலிருந்த பெயர் மாறவே இல்லை.

பெயரை நம்ப முடியாதென்றால் எதைப் பார்ப்பது? ஸ்பேனரின் வாயைப் பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் என்று பொறித்த ஸ்பேனரின் வாய் சரியாக 10 மில்லிமீட்டராக இருப்பதில்லை. போல்ட்டின் தலையில் நுழைய வேண்டும் என்பதால் சற்றே கூடுதலாகத்தான் இருக்கும், அந்தக் கூடுதல் எவ்வளவு இருக்கலாம் என்பதை ஐஎஸ்ஓ 691 என்ற பன்னாட்டுத் தர அளவு வரையறுக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் பேசப்படும் சிறிய இடைவெளி அது. மழுங்காத புதிய போல்ட் ஒன்றைக் கையோடு கொண்டு போய், வாங்கப்போகும் ஸ்பேனரை அதன் தலையில் மாட்டி இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். நல்ல ஸ்பேனர் சிறிதளவு ஆடி, உடனே பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும். மட்டமானது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுழன்ற பிறகு மூலையில் போய் முட்டும். துருப்பிடித்த போல்ட்டில் அதே ஸ்பேனரை வைத்து முழுப் பலத்தோடு இழுத்தால் வாய் விரிந்து, மூலைகள் மழுங்கி, விரல் முட்டி எஞ்சினில் மோதும். இந்தச் சோதனையில் தேறும் உள்நாட்டு ஸ்பேனர்களும் உண்டு, தோற்கும் இறக்குமதி ஸ்பேனர்களும் உண்டு.

'குரோம் வனேடியம்' என்ற முத்திரையைத் தங்கள் கட்டுரை தரத்துக்குச் சான்றாகக் காட்டியிருந்தது. அந்த எஃகில் ஏறத்தாழ 1 சதவீதம் குரோமியமும் அதைவிட மிகக் குறைவாக வனேடியமும் இருக்கும். முத்திரை சொல்வது அந்தக் கலவையை மட்டுமே. அடித்து உருவாக்கிய பின் அதைச் சூடேற்றிக் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் ஏற்றும் வேலையைப் பொறுத்துத்தான் ஸ்பேனர் விரியுமா, விரிசல் விடுமா, தாங்குமா என்பது அமையும். அந்தப் பக்குவத்தை எந்த முத்திரையும் காட்டுவதில்லை. ஆகவே எந்தத் தர அளவின்படி செய்யப்பட்டது என்ற எண் கருவியிலோ அதன் அட்டையிலோ இருக்கிறதா என்று பார்ப்பதும், செய்தவர் பெயரே இல்லாத கருவியைத் தொடாமல் இருப்பதும் நல்லது.

அளவு பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்10 போல்ட்டின் தலை அகலம் பழைய ஜெர்மானிய தர அளவில் 17 மில்லிமீட்டர்; ஐஎஸ்ஓ அளவில் 16; ஜப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் 14. ஆகவே எந்த ஸ்பேனர் பெட்டி தேவை என்பதைத் தீர்மானிப்பது வாகனம். ஜப்பானிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர், எவ்வளவு உயர்ந்த ஐரோப்பியப் பெட்டியை வாங்கினாலும், அதில் 12, 14 ஆகிய அளவுகள் இல்லையென்றால் முதல் நாளே தவித்துப்போவார். திருப்புளியிலும் இதே சிக்கல் உண்டு. பழைய ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் அந்நாட்டின் ஜேஐஎஸ் தர அளவில் வந்தவை. அவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளியைக் காணலாம். வழக்கமான பிலிப்ஸ் திருப்புளி அவற்றின் அடிவரை இறங்காமல், திருப்பும்போது மேலேறி வந்து பள்ளத்தைச் சிதைத்துவிடும். இந்த ஒன்றுக்கு ஜேஐஎஸ் அளவில் செய்யப்பட்ட திருப்புளியைத் தேடி வாங்குவதை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

எனவே என் பரிந்துரை இது. சுத்தியல், அரம், உளி, ரிங் ஸ்பேனர், எல் வடிவ ஆலன் சாவி, போல்ட் தலையை மூடிப் பிடிக்கும் சாதாரண சாக்கெட் ஆகியவற்றில் தர அளவுக்கு உட்பட்ட உள்நாட்டுக் கருவியே வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். சாக்கெட்டைக் கைப்பிடியில் மாட்டும் சதுரப் பொருத்தம் உலகெங்கும் பெரும்பாலும் 1/4, 3/8, 1/2 அங்குலம் என்ற அளவுகளிலேயே வருவதால், உள்நாட்டு சாக்கெட்டையும் அதைத் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடியான இறக்குமதி ராட்செட்டையும் கலந்து பயன்படுத்துவதில் தடையே இல்லை. கூடுதல் பணத்தை ராட்செட், வெட்டும் குறடு, பிரேக் குழாயின் நட்டுகளைக் கழற்றும் ஸ்பேனர், குறித்த விசையில் போல்ட்டை இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். 24 பல் ராட்செட்டுக்கு ஒவ்வொரு முறையும் 15 பாகை அசைய இடம் வேண்டும், 72 பல்லுக்கு 5 பாகை போதும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் கையை விட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். ஆனால் பற்கள் சிறுத்தால் செய்நேர்த்தி கூட வேண்டும். மலிவான 72 பல் ராட்செட்டைவிட உறுதியான 36 பல் ராட்செட் மேல்.

டார்க் ரெஞ்சில் மட்டும், வாங்குமிடத்தைவிட அளவீட்டுச் சரிபார்ப்பு கிடைக்கும் இடம் முக்கியம். ஐஎஸ்ஓ 6789 தர அளவு 10 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்குவிசையின் அலகு) மேற்பட்ட வழக்கமான ரெஞ்சுகளில் 4 சதவீத விலகலையே அனுமதிக்கிறது. தனி ஏற்பாடு இல்லாத நிலையில், ஓராண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்திய பின் சரிபார்க்கச் சொல்கிறது. அந்த வசதி எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு புகழ்பெற்ற இறக்குமதி ரெஞ்சின் அளவையும் நம்பி அலுமினிய எஞ்சினில் போல்ட்டை இறுக்குவது துணிச்சல்தான். ஆயுள் முழுவதற்கும் என்று சொல்லப்படும் உத்தரவாதமும் அப்படியே: உடைந்த சாக்கெட்டைக் கடல் கடந்து அனுப்பித்தான் மாற்ற வேண்டுமென்றால் யாரும் மாற்றப்போவதில்லை. தொலைந்துபோன ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் சாக்கெட்டைத் தனியாக வாங்க முடிவது உள்நாட்டுக் கருவியின் பெரிய பலம், அதைத் தங்கள் கட்டுரை குறிப்பிடாதது எனக்கு வருத்தமே. புகழ்பெற்ற இறக்குமதிப் பெயர்களில் போலிகள் அதிகம் உலவுகின்றன என்ற எச்சரிக்கையும் அதில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கருவிகளை ஒப்பிட்டு எழுதும்போது, ஒவ்வொன்றின் வாய் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தும், ராக்வெல் முறையில் கடினத்தைச் சோதித்தும், உதிரியாகக் கிடைக்கிறதா, உடைந்தால் மாற்றித் தருபவர் யார் என்று விசாரித்தும், அந்த விவரங்களை நாட்டின் பெயருக்கு முன்னால் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்